உட்பிரிவு நான்கு

நகராட்சியில் எனக்கு மூன்றாம் ஜன்னல்.
நாய் உரிமம், வேலி உயரம்,
நடைபாதையில் யார் பனி அள்ளவில்லை, இவையெல்லாம்.
பிராணிகள் பகுதி, உட்பிரிவு நான்கு:
கோழி, வாத்து, வான்கோழி
ஊர் எல்லைக்குள் கூடாது.
நான் போட்ட சட்டமில்லை.
வருஷத்துக்கு ஆறேழு தடவை
சிவப்பு மையில் முத்திரை குத்துவது மட்டும் நான்.

ஏழாம் பிறந்தநாளுக்கு முந்தின வாரம்
ஒரு டிராக்டர்காரருக்குப் பின்னால்
வரிசையில் நின்று
விண்ணப்பம் நீட்டினாள் என் மகள் மாரென்.
கிரேயானில் எழுதியது.
எண்ணிக்கை: ஒன்று போதும்.
காரணம்: அதன் கால் எனக்குப் பிடிக்கும்.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
மிதித்தேன்.
சாகவில்லை.
இரண்டு நாள் பேசவில்லை.

தங்கமீன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன்.
தூரத்து உறவுக்குச் சொல்வதுபோல
நன்றி சொன்னாள் அதற்கு.

எல்லைப் பலகை தாண்டினால்
சட்டம் முடிந்து கோதுமை தொடங்கும்.
பத்தொன்பதாவது மைலில் வெர்லா ஸ்டென்ருட்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
நாற்பது கோழி, ஒரு கெட்ட சேவல்.
"விற்க மாட்டேன்," என்றாள் போனில்.
"ஒன்றை அவள் பேருக்கு எழுதி வைக்கிறேன்.
தீனிக்கு மாசம் பத்து டாலர்.
எச்சம் அள்ளுவதும் அவள்தான், சொல்லிவிடு."
சொன்னேன்.
எச்சம் என்றதும்தான் முகம் மலர்ந்தது.

பொன்னிறத்தில் ஒன்று காலடியில் வந்து நின்றது.
பார்க்கவேயில்லை அவள்.
முதுகில் இறகு கொட்டி
மற்றதெல்லாம் கொத்தித் துரத்த
வாய் மட்டும் ஓயாத ஒன்று
வைக்கோல் பொதிக்குப் பின்னால்.
ரேடியோ என்று பேர் வைத்தாள்.

சனிக்கிழமை ரப்பர் பூட்ஸ்.
முட்டையைச் சூடு ஆறுமுன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்,
பிறகுதான் கூடையில்.
மற்ற ஆறு நாளும் நோட்டுப் புத்தகம்:
யார் யாரைக் கொத்தினார்கள்,
யாருக்கு முதல் தண்ணீர்,
ரேடியோ எத்தனை படி மேலே ஏறியிருக்கிறாள்.
என் அலுவலகத்திலும்
இப்படி ஒன்று எழுதலாம் என்று தோன்றும்.

ஏப்ரலில் என் ஜன்னலுக்கு ஒரு புகார்த் தாள் வந்தது.
பின்கட்டில் கோழி கேறும் சத்தம்.
தினமும் மாலை நாலிலிருந்து ஐந்து.
முகவரியைப் படித்தேன்.
என் வீடு.
பேர் எழுத வேண்டிய கட்டாயம் அந்தத் தாளில் இல்லை.
கையெழுத்து யாருடையது என்று தெரியும்.
சொல்லமாட்டேன்.

ஆய்வாளர் டுவேன் ஓக்கர்லண்ட்
டார்ச்சோடு வந்தார், பட்டப்பகலில்.
கூச்ச சுபாவம்; என் முகத்தைப் பார்க்கவில்லை.
வேலியோரம்
பஞ்சாரம்போலக் கவிழ்த்திருந்த சலவைக் கூடை
கேறிக்கொண்டிருந்தது.
முட்டையிட்டு எழுந்ததும்
ஊருக்கே அறிவிக்குமே,
கடைசியில் இழுத்து உடையுமே,
அந்தக் கேறல்.
முடியும்வரை நின்று கேட்டார்.
பிறகு கூடையைத் தூக்கினார்.
உள்ளே ஒரு டென்னிஸ் பந்தின்மேல்
அடை உட்கார்ந்திருந்தாள் மாரென்.

படிவத்தில் எழுதினார்: கோழி இல்லை.
தலைகீழாகவே படித்துவிட்டு
"தப்பு," என்றாள்.
"இருக்கா. இங்கே இல்லை, அவ்வளவுதான்."
பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார்.
ஆம், இல்லை, இரண்டே கட்டம்தான்
அந்தப் படிவத்தில்.
ஓரத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தார்:
சனிக்கிழமைகளில் உண்டு. பத்தொன்பது மைலில்.

மறுநாள் அதை நான்தான் கோப்பில் போட்டேன்.
எந்த மை என்று ஒரு நிமிஷம் தயங்கி
எதுவும் குத்தவில்லை.

நாலு மணிக்குத் திரும்பவும் தொடங்கிற்று.
அடுத்த வீட்டில் ஒரு ஜன்னல் நகர்ந்தது.
மூடுகிறார்கள் என்று நினைத்தேன்.
பாத்திரம் கழுவுவதை நிறுத்திப் பார்த்தேன்.
திறந்திருந்தது.