ஒண்ணுமில்லீங்க மிஸ்

இருபத்து மூன்றை நான் கூப்பிடுவதில்லை.
இருபத்து நான்கு
கொஞ்சம் பொறுத்தே "உள்ளேன் மிஸ்" என்கிறான்.

செயலியில் பெயரை நீக்கக் காரணம் கேட்கிறது:
பள்ளி மாறுதல், இடப்பெயர்வு, மற்றவை.
மூன்று வாரமாய்
வரவில்லை என்றே குறித்து வருகிறேன்.
தலைமையாசிரியர் பார்த்தும் கேட்கவில்லை.

மௌலீஸ்வரன்.
கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிய அன்று
"என்னடா ஆச்சு?" என்றேன்.
"ஒண்ணுமில்லீங்க மிஸ்."
அந்த 'ங்க'வின் மரியாதையை
அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு
ஐந்தேகால் தாராபுரம் பஸ்சுக்கு ஓடினேன்.
உட்கார இடமும் கிடைத்தது.

பிறகு கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து
மனநலம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.
பல்லடத்துத் தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.
கேட்ட பாதியை
நல்ல பிள்ளைகளாய் நோட்டில் எழுதிக்கொண்டோம்
ஆசிரியர்கள்.

இன்று மணியடித்தும் எழவில்லை பவதாரணி.
மதியச் சாப்பாடு மூடியபடியே இருந்தது.
"என்னம்மா?"
"ஒண்ணுமில்லீங்க மிஸ்."

கைப்பையைக் கீழே வைத்தேன்.
"அந்த ஒண்ணுமில்லாததத்தான் கேக்கறேன்."

ஐந்தேகால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
அவள் இன்னும் பேசவில்லை.
டிபன் டப்பாவை நகர்த்தி
பெஞ்சில் கொஞ்சம் இடம் விட்டாள்.