சிவப்புக் காய்

தொப்பி போட்டுக்கொண்டுதான் கேரம் ஆடுவாள் கெசியா.
முடி திரும்ப வந்து ஆறு மாதமாகிறது,
பின்மண்டையில் அந்தக் கோட்டின் மேல் மட்டும் முளைக்கவில்லை.
ஜிப்பு என்பாள் அதை.
உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு இழுத்து மூடிய ஜிப்பு.

பலகை, தண்டையார்பேட்டை கிளப்பை மூடியபோது
நான் தூக்கி வந்தது.
ஒரு மூலை ஈரத்தில் உப்பியிருக்கும்,
அந்தப் பக்கம் போகிற காய் வளையும்.
அவளுக்கு அந்த வளைவு மனப்பாடம்.

போன செவ்வாய்க்கிழமை அடித்தது
இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளிப் போனது.
பவுடர் பத்தவில்லை என்றேன்.
மறுபடி அடித்தாள்.
பலகையைத் திருப்பி வைத்தேன்.
திருப்பி வைத்த பலகையிலும்
இடப்பக்கம்.

துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன் நான்.
வண்டி ஒரு பக்கம் இழுத்தால்
ஸ்டியரிங்கில் கை வைத்ததும் தெரிந்துவிடும்.
ரூத்திடம் சொல்லவில்லை.
அவள் விடியற்காலை வாந்தியைக் கழுவிவிட்டு
என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.
மூன்று நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டோம்,
கேஸ் புக் பண்ணுவது பற்றி,
மாடி வீட்டு மோட்டார் சத்தம் பற்றி.

டாக்டரம்மா பேனா முனையால்
படத்தைத் தொடாமல் காட்டினார்.
மிளகு அளவு.
"மொத்தமா எடுத்தாச்சுன்னீங்களே மேடம்."
"கண்ணுக்குத் தெரிஞ்சதை மொத்தமா எடுத்தோம்."
அதில் பொய் இல்லை.
சண்டை போடத்தான் போயிருந்தேன்.

திரும்பும்போது கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
போக ஊரே இல்லாதது மாதிரி ஒரு கூட்ஸ்,
நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணியது அவள்,
ஸ்கேன் கவரை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு.

"திரும்பி வந்துடுச்சா?"

ரூத் ஆட்டோவுக்கு வெளியே பார்த்தாள்.
நான் ஒரு பொய்யைத் தேடினேன்,
கிடைத்தது,
சொல்லவில்லை.
"ம்."

"ரெட்டைப் போட்டா மட்டும் பத்தாதுப்பா,
ஃபாலோ போடணும்.
போடலேன்னா எடுத்தாந்து நடுவுல வெச்சிருவாங்க.
நீதானே சொன்னே."

கேட் தூக்கிவிட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
ஆட்டோக்காரர்கூட ஒரு கணம் கிளப்பவில்லை.

ராத்திரி பலகையை அவளே இழுத்துப் போட்டாள்.
இடப்பக்கம் போகிறதென்று
இரண்டு விரல் வலப்பக்கம் குறி வைத்தாள்.
விழவில்லை, ஆனால்
பாக்கெட் விளிம்பில் மோதி நின்றது.

எதிரில் ரூத்,
ஸ்டிரைக்கரைப் பிடிக்கக்கூடத் தெரியாதவள்.
"நீ பவுடர் போடும்மா, போதும்."
போட்டாள்.
கை நடுங்கியதில் நிறையக் கொட்டிவிட்டது.
கோடு, வட்டம், அம்புக்குறி எதுவும் தெரியாத
அந்த வெள்ளையில்
கெசியா குனிந்து
ஊத ஆரம்பித்தாள்.