நாலாம் இலக்கம்

என் வேலை கம்பி எண்ணுவது.
சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்:
"எத்தனை வருசத் தீர்ப்பு?"
மூன்று நாள், என்றேன்.

இறக்காமத்துக்கு மேற்கே ஈச்சையடி வட்டை.
நெல் குடலைக்கு வந்த நேரம்
அறக்கொட்டியான் விழுந்து
வட்டம் வட்டமாய்க் கருகிய முந்நூறு ஏக்கர்.
மருந்தடிக்க ஹெலிகொப்டர் வருகிறது.
அதற்கு முன் நான் நடந்து முடிக்க வேண்டும்.

கம்பி கண்ணுக்குத் தெரியாது.
கம்பம்தான் தெரியும்.
இரண்டு கம்பத்துக்கு நடுவே இருப்பதை
நம்ப வேண்டும், அவ்வளவுதான்.
விடியலில் இறுகி நிற்பது
உச்சி வெயிலில் ஒரு முழம் தொய்யும்.
சூரியன் முகத்திலடித்தால்
முப்பத்து மூவாயிரம் வோல்ட்டும் வெறும் ஆகாயம்.

வரம்பு வரம்பாய் நடந்தேன்.
ஒன்று, ஆற்றுப் பக்கம்.
இரண்டு, அரிசி ஆலைக்குப் போவது.
மூன்று பழையது, கரண்ட் இல்லாதது;
சுழலும் தகட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.
நான்கு, வாய்க்காலைக் குறுக்கறுத்துப் போய்
இரண்டு மருத மரங்களுக்குப் பின்னால்
தன் கம்பங்களை ஒளித்து வைத்திருந்தது.
பன்னிரண்டு வரை வந்தது.
எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வரைபடத்தில் கீறினேன்.

உதுமாலெவ்வையின் வாடியில் கேட்டேன்,
"வேற கம்பி ஏதும் இருக்கா காக்கா?"
"எங்க புள்ள, ஒண்டுமில்ல."
பார்வை மட்டும் கிழக்கே ஒருதரம் போய் வந்தது.

மறுநாள் பனி விலகாத வயலுக்கு மேல்
ஒரு கரிச்சான்
ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்திருந்தது.
வாலை ஆட்டியது.
கூடவே ஒன்றுமில்லாததும் ஆடியது.

இரண்டு கமுகந்தடி, மெல்லிய வயர்,
கடைசிக் கம்பத்திலிருந்து களவாய் இழுத்த வெளிச்சம்:
யானைக் காவலுக்கு ஒரு பல்ப்.
பதின்மூன்று என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள், காற்று எழும்ப முன், ஆறரைக்கு.
கப்டன் ரொசைரோ, மட்டக்களப்புப் பறங்கி,
நெற்கதிரை உரசுகிற உயரத்தில் போவார், வருவார்.
ஒவ்வொரு திரும்பலிலும் வோக்கியில் முனகுவார்:
"நாலு தாண்டியாச்சு."
"பதின்மூணைப் பாருங்க" என்பேன் நான்.
பதினொரு தடவை நாலைத் தாண்டினார்.
பிறகு தாங்கியில் கொஞ்சம் மருந்து மிச்சம்,
மூலையில் கொஞ்சம் வயல் மிச்சம்.
"அதையும் முடிச்சிட்டு வாறன்."

நான் கரிச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது இருந்த இடத்திலேயே இருந்தது.

சத்தம் பெரிதாக இல்லை.
யாரோ ஒரு தகரத்தைக் கிழித்தாற்போல.
பிறகு நீலப் பொறி, பிறகு சேறு,
வட்டை முழுவதிலிருந்தும்
ஒரே நேரத்தில் எழும்பிய கொக்குகள்.

தோள் எலும்பு முறிந்தது. ஆள் தப்பினார்.
அம்பாறைக்குக் கொண்டுபோகும் வழியில் கேட்டார்,
"எத்தனையாவது?"
"நாலு."
கண்ணை மூடிக்கொண்டார்.
தெரியாத கம்பி என்றால்
இரண்டு பேருக்கும் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

காப்புறுதிப் படிவத்தில் ஒரு கேள்வி:
கம்பி இருப்பது முன்னரே தெரியுமா? ஆம், இல்லை.
பொருத்தமற்றதை வெட்டிவிடுக.
"இல்லை"யை வெட்டினேன்.
அதே சிவப்புப் பேனை.

இரண்டு இரவு ஊருக்கு வெளிச்சமில்லை.
இரண்டாம் இரவு யானைகள் வந்து
மருந்து பட்ட மூலையில் கொஞ்ச நேரம் நின்று
தின்னாமல் போயினவாம்.
மின்சார சபைக்காரர் புதுக் கம்பி கட்டினார்கள்.
பைலட் கண்ணுக்குப் பட
ஒரு செம்மஞ்சள் பந்து மாட்டச் சொன்னேன்.
அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்கள்.

உதுமாலெவ்வை தன் வயரை வளையமாய்ச் சுருட்டி
தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.
"கணக்குல ஒண்டக் குறைச்சிக்க புள்ள."

நான் குறைக்கவில்லை.
கமுகந்தடி இரண்டும் அங்கேயே நிற்கின்றன.
அவை தெரிகிறவரை
எனக்கு நடுவில் ஒன்று இருக்கிறது.