நீர் விடுதல்

தத்தமங்கலத்தில் எனக்கு ஒரு மாடி அறை,
கஞ்சிக்கோட்டு சர்வருக்குள் ஒரு பெட்டி.
பெட்டியில் பன்னிரண்டாயிரம் உருண்டைகள்.
ஒவ்வொன்றும் பாலின் ஒரு புரதத் துணுக்கு என்று
ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில்
சத்தியம் செய்திருக்கிறேன்.

வலப்பக்கம் வெளியேறும் உருண்டை
அதே நொடியில் இடப்பக்கம் உள்ளே வரும்.
அந்தப் பெட்டிக்கு எல்லை கிடையாது.
மீனாட்சிபுரத்தில் உண்டு.
ஓணம் நெருங்கினால் பால் லாரிகள் அங்கே வரிசைகட்டும்.
ஒரு கரண்டி எடுத்துச் சோதிப்பார்கள்.
திங்கள்தோறும் ஆனைமலையிலிருந்து வரும் என் பேருந்து
அவற்றின் முதுகைப் பார்த்தபடி நிற்கும்.

ஒட்டு, விலகு, நடுங்கு.
உருண்டைகளுக்கு நான் தந்தது அவ்வளவுதான்.
ஒட்டும் விசையை இம்மி கூட்டினால்
கைகோத்துச் சரஞ்சரமாய் உறையும்,
குறைத்தால் பாலாகவே கிடக்கும்.
போன மாதம் இரண்டு
ஒரே இடத்தில் உட்காரப் பார்த்தன.
பெட்டி வெடித்தது.
திரை முழுக்க
எண் அல்ல எண் அல்ல எண் அல்ல.

கணவாய்க் காற்றில் மின்சாரம் போய்
முப்பத்தொரு மணி நேர ஓட்டம் பாழான இரவில்
காவலுக்கு இருந்த சுனில்தாஸ்
"மரிச்சோ?" என்று கேட்டான்.
இடையில் சேமிக்காதது என் தப்பு.
துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி
கட்டன்சாயா நீட்டினான்.

இன்று உறைந்தது.
பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தேன், தாங்கியது.
இன்னும் நகர்த்தினேன், தாங்கி, பிறகு முறையாக உடைந்தது.
நிஜத் தயிரை அளக்கும் ஷிஜினாவின் புள்ளிகள் மேல்
என் கோடு பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.
அவள் குனிந்து பார்த்தாள்.
"எல்லாம் சரி. உன் தயிர் ஏன் நீர் விடல்ல?"

அறைக்கு வந்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன்.
காலையில் கரண்டி போட்ட பள்ளத்தில்
ஒரு சின்னக் குளம்,
பச்சையும் இல்லாத மஞ்சளும் இல்லாத தெளிவு.

அப்போதுதான் உறைத்தது.
கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று
முதல் வருடமே தண்ணீரை எடுத்துவிட்டேன்.
அதன் முட்டலையும் மோதலையும் மட்டும்
குருட்டு உதைகளாக வைத்துக்கொண்டேன்.
இல்லாததை எப்படி விடும்?

தண்ணீரைத் திரும்ப ஊற்றினால்
இன்னும் இரண்டு வருடம்.
டப்பாவைச் சாய்த்து
அந்தக் குளத்தை முதலில் குடித்தேன். புளிப்பு.

திங்கள் காலை மீனாட்சிபுரத்தில்
லாரி லாரியாக ஏறித் தண்ணீரைத் தேடுவார்கள்.
ஒரு சொட்டும் கலக்காத பால்
பின்னால் பேருந்தில், என் மடியில்,
சோதிக்க ஆளில்லாமல் நிற்கும்.