ரெண்டரைப் படி

லீ பஜாரில் வாங்கிய அளவு டேப்
என் கைப்பையில் கிடக்கிறது.
வாடகை எவ்வளவென்று முதலில் கேட்பதில்லை நான்.
தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றும் கேட்பதில்லை.
கக்கூஸ் கதவு எத்தனை அங்குலம் என்கிறேன்.
புரோக்கர் பச்சமுத்து
காதில் இருந்த பேனாவை எடுத்து
எதை எழுதுவதென்று தெரியாமல்
மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார்.

என் சக்கர நாற்காலி இருபத்தைந்து.
விரல் கணு தேயாமல் நுழைய
இருபத்தாறரை வேண்டும்.

குகையில் எல்லாம் சரி,
கக்கூஸ் மட்டும் மாடிப்படிக்கு அடியில், இருபத்திரண்டு.
அஸ்தம்பட்டியில் லிஃப்ட் இருந்தது.
லிஃப்டுக்குப் போக ஆறு படி இருந்தது.
சூரமங்கலத்தில் வீடு இல்லை என்பதை
வாயால் சொல்லாமல்
ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள், கேட்டுக்கு வெளியே.
நல்ல மோர். பெருங்காயம் போட்டது.
அம்மாபேட்டையில் ஓர் அம்மாள்,
"கூட யார் இருப்பாங்க?"
யாருமில்லீங்க.
"விழுந்து கிழுந்து வெச்சா?"
விழுவேன்தான்.
விழுந்து எழத் தெரிந்தவள் நான்
என்று அங்கே சொல்லவில்லை.
ஆட்டோவில் ஏறிய பிறகு சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக் கணக்கு என் வேலை.
பத்து கிலோ வெள்ளியில்
ஒரு குன்றிமணி குறைந்தாலும் கண்டுபிடிப்பேன்.
அரை அங்குலத்தின் விலை என்னவென்று
எனக்குத் தெரிந்த அளவு
என் முதலாளிக்கும் தெரியாது.

கடைசியில் அரிசிப்பாளையத்தில் கிடைத்தது.
தரைத்தளம். கதவு இருபத்தெட்டு!
வாசலில் இரண்டு படி,
பிறகு பாதி உயரத்தில் ஒரு நிலைப்படி.
ஜாபர் வெல்டிங் பட்டறையில் பதினோராயிரம் கொடுத்து
மடக்குகிற இரும்புச் சாய்தளம் ஒன்று செய்தேன்.
மாடியில் குடியிருக்கும் ஓனர் தெய்வசிகாமணி
முதல் மாதம் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் மாதம்,
"லாரியில மூட்டை ஏத்துற பலகை மாதிரி இருக்குதுன்னு
சம்பந்தி வீட்ல சொல்றாங்கம்மா.
ராத்திரி மடக்கி வெச்சிடலாமா?"

ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
நான் வீட்டில் இருந்தேன்.
எல்லோரும்தான் இருக்கிறார்கள்,
ஆனால் அவர்கள் இருப்பது வேறு.

ஐப்பசியில் ஒரு மழை.
ஏற்காட்டுப் பக்கம் வானம் கிழிந்த சத்தம்,
பிறகு சாக்கடை
படியேறி வந்தது. அதற்கு ரெண்டரைப் படி பெரிதில்லை.
கால்மிதி வரை தண்ணீர் வந்ததும் போன் செய்தேன்.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
குடையோடு இறங்கி வந்தார்.
சாய்தளத்தை எப்படி விரிப்பதென்று
அவருக்குத் தெரியவில்லை.
"வலது பக்கம் ஒரு பின் இருக்கும், அண்ணா.
இழுக்காதீங்க. தூக்கிட்டுத் திருப்புங்க."
ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து நானும்
டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அவரும்
அரைமணி நேரம்.

மறுநாளிலிருந்து மடக்கச் சொல்லவில்லை.
என் முகத்தையும் பார்க்கவில்லை.

பதினோராம் மாதம்,
மகளுக்கு வீடு வேண்டும் என்றார்.
எல்லா ஓனருக்கும் ஒரு மகள் இருக்கிறாள்,
காலி செய்யச் சொல்லும்போது மட்டும் வருவாள்.

திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் ஆபீஸ் போனேன்.
அங்கே சாய்தளம் இருந்தது,
அதன் மேல் இரண்டு பைக்கும் இருந்தன.
மனு வாங்கியவர் நல்லவர்.
எழுந்து வந்து வாங்கினார்.
"அரசாங்கக் கட்டடம்னா கேட்கலாம்.
இது அவர் சொந்த வீடு இல்லையாம்மா?"
ஆமாம், அவர் வீடுதான்.
பதினோரு மாதம் நான் வாடகை கொடுத்ததற்கு
என்ன பெயர் என்று கேட்டேன்.
ரசீதில் முத்திரை குத்தி
எண்ணைச் சிவப்பில் எழுதிக் கொடுத்தார்.

அட்வான்சில் நாலாயிரம் பிடித்தம்.
படியில் போல்ட் போட்ட ஓட்டைகள் நான்கு.
ஓட்டைக்கு ஆயிரம்.
கணக்குக்காரி நான், சரிபார்த்தேன்.
கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

குட்டியானையில் இப்போது சாமான்கள்.
சாய்தளம் மேலே, கயிறு கட்டி.
பச்சமுத்து போனில் கேட்கிறார்,
இந்த முறை எந்த ஏரியாம்மா?

ஏரியா எதுவானாலும் சரி, பச்சமுத்து.
இந்த இரும்பு ஒரே ஓர் உயரத்துக்குத்தான் பொருந்தும்.
சேலம் முழுக்கத் தேடுங்கள்,
மூன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம்,
ரெண்டரைப் படி.