முன்னுக்கு இருக்கிறது

புதுக்குடியிருப்புச் சந்தியில்
என் கடைக்கு வரும் கணினிகளுக்குள்
எறும்புக்கூடு, சிலவேளை கோழி இறகு.
வைரஸ்காப்பு காலாவதியாகி வருடக்கணக்கு.

திறக்கக் கடவுச்சொல் கேட்பேன்.
குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்,
தங்களுக்கு மட்டுமே தெரிந்ததென.

பத்தில் ஆறு பேருக்கு
அதே வருடம். அதே மே மாதம்.
திகதி மட்டும்
இரண்டொரு நாள் முன்பின்.

"லேசாப் பிடிச்சிடுவாங்கள் அக்கா, மாத்துங்கோ.
மற்றது, எழுதித் திரையில ஒட்டி வைக்காதேங்கோ."

தவமலரக்கா யோசித்தா.
"மாத்தினா மறந்துபோடுவன் தம்பி."
பிறகு,
"பின்னால மாட்டின்ர பேரைச் சேர்த்துவிடும்.
முன்னுக்கு இருக்கிறது இருக்கட்டும்."

சேர்த்தேன்.
பச்சைக்கோடு நீண்டு
'வலிமையானது' என்றது.

இரவு கடையைப் பூட்டிவிட்டு
என்னுடையதை மாற்ற உட்கார்ந்தேன்.
என்னிடம் மாடு இல்லை.