தன்மை ஒருமை

கிசுமு நீதிமன்றம், மூன்றாம் அறை.
மின்விசிறியில் ஓர் இறக்கை இல்லை.
சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதி மேசைக்கும் நடுவே
நான் நிற்கிறேன். நாற்காலி தருவதாகச் சொல்லி
நான்கு வருடம்.
லுவோவிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து லுவோ.
நாள்படி உண்டு. சாப்பாடு என் செலவு.

சத்தியம் வாங்கிய அன்றே சொல்லிவிட்டார்கள்:
'அவர் சொல்கிறார்' என்று ஆரம்பிக்கக் கூடாது.
பேசுபவர் 'நான்' என்றால் நீயும் 'நான்'.
கூட்டாதே. குறைக்காதே.

அதனால் சென்ற செவ்வாய் காலை பத்து மணிக்கு
நான் பிலிகோனா அபியெரோ.
வயது ஐம்பத்தொன்று. ஒமேனா மீன் காயவைத்து விற்கிறேன்.
ஒக்வெனோ என் மூன்றாவது பிள்ளை.
அன்றிரவு உப்பு வாங்க அனுப்பினேன்.
கடை நாலு வீடு தள்ளி.
திரும்பி வரும்போது உப்பு அவன் கையில் இருந்தது.

"நேரில் பார்க்காமல் எப்படித் தெரியும்?"
போலீஸ் தரப்பு வக்கீல், நல்ல ஆங்கிலம்.

விரல்களை நான்தான் பிரித்தேன், என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன்,
என் வலது கை
கூண்டின் கட்டையைப் பிடித்திருந்ததை.

பதினொன்றரைக்கு
நான் கான்ஸ்டபிள் முட்டிசியா.
இப்போது ஆங்கிலம் உள்ளே போய் லுவோ வெளியே வர வேண்டும்,
முன்வரிசையில் இருக்கும் ஒருத்திக்காக.
ரோந்தில் இருந்தேன். இருட்டு.
அவன் கையில் ஏதோ மினுங்கியது.
நில் என்றேன், நிற்கவில்லை.
அப்போது ஒரு தோட்டா வெளியேறியது.

வெளியேறியது.
வீட்டில் கோபித்துக்கொண்டு
யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போகிற பிள்ளையைப் போல.

அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது.
கூட்டாமல் குறைக்காமல் அதையே சொன்னேன்.
"யார் கையிலிருந்து?" என்றாள் பிலிகோனா
உட்கார்ந்தபடியே.
இதை மொழிபெயர்க்கவா என்று நீதிபதியைப் பார்த்தேன்.
அவர் பேனாவை மூடினார்.
பதிவில் அந்தக் கேள்வி இல்லை.

அரசு வக்கீல் சின்னப் பெண், புதுசு.
கோப்பில் எதையோ தேடிக்கொண்டே கேட்டாள்:
விசையை அழுத்தியது யார்?
கேள்வி சுலபம்தான். ஆறு வருடத்தில்
பதினாறு தவணையில்
ஒருவரும் கேட்டிருக்கவில்லை.
அவன் தன் வக்கீலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.
பிறகு ஆங்கிலத்தில்,
அடையாள எண் சொல்வதுபோல,
சொன்னான்.

நான் தவறினேன்.
"அவர் சுட்டாராம்," என்றேன்.

"மொழிபெயர்ப்பாளரே, தன்மையில்."

அம்மாவிடம் தண்ணீர் கேட்டுப் பழகிய மொழியில்,
இரண்டு முழத் தூரத்தில் இருந்த அவள் முகத்துக்கு நேராக
நான் சொன்னேன்:
நான் சுட்டேன்.

அந்தப் பேட்டையில் அது எல்லோருக்கும் தெரியும்.
ஆனால் அவள் மொழியில் அவளிடம்
அதை ஒப்புக்கொண்ட முதல் வாய்
என்னுடையது.

பிறகு வழக்கம்போல.
துப்பாக்கி ஆய்வறிக்கை நைரோபியிலிருந்து வரவில்லை.
வந்திருக்கலாம், கோப்பில் சேரவில்லை.
இது மரண விசாரணைதான்,
வழக்கு இன்னும் பிறக்கவேயில்லை என்று
வக்கீல் ஞாபகப்படுத்தினார்.
நவம்பர் ஒன்பதுக்குத் தள்ளிவைத்தார்கள்.
கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
பின்வாசல் வழியாகப் போனான்.
அதுவும் வெளியேறியதுதான்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் வந்து நின்றாள்.
சாட்சிகளோடு நான் பேசக் கூடாது,
அவளுக்கும் தெரியும்.
"அதைச் சொன்னபோது உன் குரல் உடைந்தது," என்றாள்.
"எனக்கு அவன் மொழி புரியாது. சத்தமும்
முன்வரிசைக்குச் சரியாக வரவில்லை.
உடைந்தது அவனுடையதா, உன்னுடையதா?"

தண்ணீர் மூக்கில் ஏறியதுபோல் இருந்தது.
"என்னுடையது," என்றேன்.
"நான்தான் கூட்டிவிட்டேன்."

கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தாள்.
"அப்படியென்றால்
அவன் இன்னும் சொல்லவில்லை."

தவணைச் சீட்டை நாலாக மடித்து
லெசோ துணியின் முனையில் முடிந்துகொண்டாள்,
சில்லறையோடு சில்லறையாக.
"ஒன்பதாம் தேதி நீதானே வருவாய்?
வேறு ஆளைப் போட்டால்
முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்."